சோதனையா, விளம்பரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு புதிய மின்காரின் அறிமுக விழாக் கட்டுரையைப் படித்தேன். விழாவில் திரையிட்ட மோதல் காணொளியை வியந்து எழுதிவிட்டு, இதற்குப் பிறகும் மின்காருக்குத் தயங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்ற பொருளில் ஒரு வரி சேர்த்திருந்தார் உங்கள் செய்தியாளர். அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது. நான் சிங்கப்பூரில் தனியார் வாடகை கார் ஓட்டுபவன். ஓட்டுவதும் மின்கார்தான், விரும்பித்தான் ஓட்டுகிறேன்.

என் காரில் ஏறும் பயணிகள் பலர், "இது தீப்பிடிக்காதே?" என்று கேட்கிறார்கள். அவர்கள் செய்தி படிக்கிறவர்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோனில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே நிறுத்தியிருந்த மின்கார், மின்னேற்றம்கூட நடக்காத நேரத்தில் எரிந்ததை அறிந்தவர்கள். அங்கே அரசாங்கம் மின்கலம் யார் செய்தது என்று கார் நிறுவனங்களை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னது. அந்த மாதிரி ஒரு கேள்வியை உங்கள் கட்டுரை கேட்கவில்லையே?

காணொளியில் சோதனையை நடத்தியது யார், என்ன வேகம், எதன்மேல் மோதினார்கள் என்று எதுவும் கட்டுரையில் இல்லை. 2025 ஜூலையில் சீனாவின் லி ஆட்டோ கார் நிறுவனம் தன் ஐ8 காரை எட்டு டன் லாரியோடு நேருக்கு நேர் மோதவிட்டுக் காட்டியது உங்களுக்குத் தெரியாததல்ல. காருக்குப் பெரிய சேதமில்லை, லாரிதான் தரையைவிட்டு எழும்பியது. லாரி நிறுவனம் கொதித்தெழுந்தது. சில நாள்களில், காரின் உறுதியைப் பார்க்கவே சோதனை செய்தோம், லாரியின் தரத்தை அளக்க அல்ல என்று கூட்டறிக்கை வந்தது, லி ஆட்டோ மன்னிப்பும் கேட்டது. சரி, அதை முதல் நாளே திரையில் போட்டிருக்கலாமே?

டெஸ்லாவின் 2016 காணொளி இன்னும் மோசம். ஓட்டுநர் சட்டத்துக்காக மட்டுமே உட்கார்ந்திருக்கிறார், கார் தானாக ஓடுகிறது என்ற எழுத்தோடு அது தொடங்கும். முன்கூட்டியே வரைபடம் எடுத்து வைத்த பாதையில் அது படமாக்கப்பட்டது என்றும், ஒத்திகையில் கார் வேலியில் மோதியது என்றும் பிற்பாடு ஒரு வழக்கில் சாட்சியம் சொன்னவர், டெஸ்லாவிலேயே தானாக ஓடும் மென்பொருளுக்குப் பொறுப்பான அசோக் எல்லுசாமி. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவருடைய பதவியைப் பெருமையாக எழுதுகிறோம், அவர் சொன்ன சாட்சியத்தை எத்தனை பேர் எழுதினோம்?

என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஒரு காட்சிக்கூடத்தில் கார் தானாக பிரேக் பிடிப்பதைக் காட்டினார்கள். நல்ல வெயில், நேரான பாதை, நடுவில் ஒரு பஞ்சுப் பொம்மை. கார் அழகாக நின்றது, எல்லாரும் கைதட்டினார்கள். இரவில், கொட்டும் மழையில், சைக்கிள் குறுக்கே வந்தால் நிற்குமா என்று கேட்டேன். விற்பனையாளர் பேச்சை மாற்றிவிட்டார். மின்சாரம் முழுதாக அற்றுப்போனால் பின்கதவை எப்படித் திறப்பது என்றும் கேட்டேன். "அப்படியெல்லாம் நடக்காது அங்கிள்" என்றார். வயதான என் அம்மா பின்னால்தான் உட்காருவார். கதவுப் பையின் அடியில் ஒரு கயிறு இருப்பதைக் கையேட்டைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். கதவுகளை மின்சாரம் இல்லாமலும் திறக்க வழி வேண்டும் என்று சீனாவே 2027 முதல் விதி போடுகிறது. அப்படியானால் நான் கேட்டது வீண் கேள்வியா?

மின்ஸ்கூட்டர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் தீப்பிடித்துக்கொண்டிருந்த நாள்களிலும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்போதும் கடைகளில் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரைக்குக் கீழேயே அதே காரின் அரைப்பக்க விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். அதற்குள் 60,000 மின்னேற்றிகள் அமைப்பதாக இலக்கு. பெரும்பாலானவர்கள் அவற்றின் பக்கத்தில்தான் குடியிருக்கப் போகிறோம். கார் வாங்கத் தேவையான உரிமைச் சான்றிதழுக்கே (சிஓஇ) 100,000 வெள்ளிக்கு மேல் கொடுக்கிற குடும்பத்துக்கு முழு விவரம் கேட்க உரிமை உண்டு ஐயா. கேட்டால் விவரம் தெரியாதவர் என்பீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இப்படிக் கட்டுரை வந்தால் கீழே சின்னதாக ஒரு பெட்டி போடுங்கள்: சோதனையை நடத்தியவர், அதற்குப் பணம் கொடுத்தவர், வேகம், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் யூரோ என்கேப் அல்லது ஆசியான் என்கேப் அமைப்பின் மதிப்பீடு உண்டா என்பது, செய்தியாளரின் பயணச் செலவை ஏற்றவர். அப்புறம் ஒரு வாரமாவது, மின்சாரம் இல்லாதபோது கார்க் கதவைத் திறக்கும் முறையைப் படத்தோடு தமிழில் போடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்