சர்க்கரை நோயாளியை அலட்சியக்காரர் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள், சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் சேருங்கள், வேளை தவறாமல் சாப்பிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் நல்ல யோசனைகளே. ஆனால் அரசு இலவசமாக மாத்திரை கொடுத்தும் கிராமத்து மக்கள் அலட்சியத்தால் நோயை முற்றவிடுகிறார்கள் என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவள். டாக்டரிடம் வாய் திறக்காதவர்கள்கூட மருந்து கொடுக்கும் ஜன்னலில் மனம்விட்டுப் பேசுவார்கள். செங்கம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் மாதாமாதம் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிப்போவார். சர்க்கரை மட்டும் இறங்கவே இறங்காது. ஒருநாள் கூட்டம் குறைந்த பிறகு கேட்டேன். "மாத்திரய போட்டா பதினோரு மணிக்கெல்லாம் கை நடுங்குதும்மா. சாரத்து மேல நிக்கிறவன் நான். தல சுத்தி வுழுந்தா என் புள்ளைங்கள யாரு பார்ப்பா?" என்றார்.

அவருக்கு எழுதியிருந்தது மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டவர் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். காலை ஆறரைக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவருக்கு அடுத்த சாப்பாடு மேஸ்திரி விடும்போதுதான். அதற்குள் மேலே கல் ஏற்றி முடிக்க வேண்டும். சர்க்கரை பத்து வருஷத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் அன்றைக்கே உயிர் போகும் என்பதும் தெரியும். வேலை நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு, வேலை இல்லாத நாளில் போட்டுக்கொண்டார். இவரையா அலட்சியக்காரர் என்பது? தன் குடும்பத்துக்காக ஒரு மனிதர் இதைவிடக் கவனமாக யோசிக்க முடியாது.

தனியாகக் கொடுக்கும்போது சர்க்கரையை இப்படித் தாழ்த்திவிடாத மாத்திரைகள் இருக்கின்றன. முன்பு விலைக்குப் பயந்து அவற்றைப் பற்றிப் பேசவே முடியாது. அப்படிப்பட்ட மாத்திரைகளில் சிட்டாகிளிப்டினுக்கான காப்புரிமை இந்தியாவில் 2022-இலும், எம்பாகிளிஃப்ளோசினுக்கானது 2025 மார்ச்சிலும் முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை வெகுவாக இறங்கியது. உடம்பால் உழைக்கிறவர்களுக்குத்தான் இவை முதலில் போய்ச் சேர வேண்டும். நடப்பதோ தலைகீழ்: ஏசி அறையில் உட்கார்ந்து வேளைக்குச் சாப்பிடுகிறவருக்குப் புதிய மாத்திரை, வெயிலில் நிற்கிறவருக்குக் கிளிமிபிரைடு.

இன்சுலின் போடுகிறவர்களின் பாடு இன்னும் பெரிது. அரசு மருத்துவமனையில் பாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்த ஓர் அம்மா காலனியில் ஓட்டுவீட்டில் இருக்கிறார், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஊர்த்தெருவில் ஃபிரிட்ஜ் உள்ள வீடுகள் இருக்கின்றன. ஆனால் காலனிக்காரர் ஒருவர் காலையும் மாலையும் அந்த வீடுகளின் அடுப்படிவரை போய் மருந்து எடுத்துவர முடிகிற ஊர்கள் எங்கள் பக்கம் எத்தனை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மளிகைக்கடைக்காரர் ஒருவர் மனமிரங்கிப் பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடை திறப்பது ஏழு மணிக்கு. அவரைக் களைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஆறு மணிக்கே வந்துவிடும். காலை ஊசி போனது அப்படித்தான். திறந்த பாட்டிலை நிழலான, குளிர்ந்த இடத்தில் நாலு வாரம்வரை வைத்திருக்கலாம், ஈர மணல் நிரப்பிய மண்பானை போதும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த ஊசி தவறியிருக்காது. அதைச் சொல்லப் புறநோயாளிப் பிரிவில் யாருக்கும் நேரம் இல்லை.

ஊசிக்குழலையும் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சுதான் பொருந்தும். எங்கள் பகுதியில் சிரிஞ்சை வெளியில்தான் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கடையில் கையில் கிடைத்த ஆரஞ்சு மூடி, 100 யூனிட் சிரிஞ்சை எடுத்துக் கொடுத்துவிட்டால், 20 என்ற கோடுவரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். நோயாளி ஒரு வேளைகூடத் தவறாமல் குத்திக்கொண்டிருப்பார். சர்க்கரை முந்நூறிலேயே நிற்கும். "ஒழுங்கா போடறியா இல்லையா?" என்ற திட்டும் விழும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருதே கிடைத்தது. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, விரலில் குத்திப் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். அவர்களின் உழைப்பைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் எங்கள் மாவட்டத்தில் பாதி ஊர்களில் வேலை வயதில் உள்ளவர்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். தன்னார்வலர் போய்க் கதவைத் தட்டினால் பூட்டுத்தான் தொங்கும், அல்லது பேரப்பிள்ளையோடு கிழவி உட்கார்ந்திருப்பார். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் ஊருக்கு வருகிறவருக்கு ஒரு மாத மாத்திரை எந்த மூலைக்கு?

மருத்துவமனைக்கு வருவதிலும் இதே கதைதான். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுத்து, அதன்பின் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கும்போது மதியம் ஆகிவிடும். ஒரு நாள் கூலி போச்சு. அந்த ஒரு நாளும் திட்டு வாங்கக்கூடாது என்று முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து வருகிறவர்கள் ஏராளம். அன்றைக்கு ரத்தத்தில் தெரிவது அவருடைய பட்டினி மட்டுமே. அதை வைத்து மாத்திரையின் அளவு முடிவாகிறது.

வசதி உள்ளவர் இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார். குளுக்கோமீட்டரின் ஒரு ஸ்ட்ரிப் பதினைந்து இருபது ரூபாய். நாளைக்கு இரண்டு முறை பார்த்தால் மாதம் ஆயிரம் ரூபாயைத் தொடும். குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் மீதான ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நல்லதுதான், ஆனால் களையெடுக்கிறவருக்கு அந்த ஏழு சதவீதத்தால் ஒன்றும் மாறிவிடாது. இன்சுலின் அளவைக் கூட்டவா குறைக்கவா என்று தெரிய ஸ்ட்ரிப் வேண்டும். அது இல்லாமல் இன்சுலினை மட்டும் இலவசமாகக் கொடுப்பது, விளக்கில்லாத வண்டியைக் கொடுத்து ராத்திரியில் ஓட்டச் சொல்வதைப் போன்றது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ, முப்பது ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோ எத்தனை நாளைக்கு வரும்? சிறுதானியம் சாப்பிடுங்கள் என்கிறார்கள். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், வரவேற்கிறேன். ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஏழை வீட்டுத் தட்டில் பருப்பும் முட்டையும் கூடாதவரை சோற்றைக் குறை என்றால் பட்டினி கிட என்றுதான் பொருள்.

இது பணக்காரர்களுக்கு வருகிற நோய் என்ற எண்ணம் இன்னும் படித்தவர்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் வசதி உள்ளவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு அதிகம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2017-இலேயே சொல்லிவிட்டது. அதே ஆய்வின் 2023 அறிக்கைப்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. உலக அளவில் 30 வயதைத் தாண்டிய நோயாளிகளில் 44.5 கோடிப் பேர் 2022-இல் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்முடையதைப் போன்ற நாடுகளில். இத்தனை கோடிப் பேரும் ஒரே நேரத்தில் அலட்சியமாகிவிட்டார்கள் என்று யாராவது நம்ப முடியுமா?

செய்ய முடியாதது எதுவும் இதில் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் முதல் வகை நீரிழிவு (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள குழந்தைகளுக்கு 'மிட்டாயி' திட்டத்தில் இன்சுலினோடு பரிசோதனைக் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே முதல்கட்டமாக, அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்கும் ஒவ்வொருவருக்கும் பாட்டிலோடு அதற்குப் பொருந்தும் சிரிஞ்சும், மாதத்துக்கு முப்பது ஸ்ட்ரிப்பும் கொடுக்கட்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறதே, கிராமத்திலும் வாரத்தில் ஒரு மாலையாவது, வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத் திறந்து வைக்கட்டும். வெளியூர் போகிறவர் கேட்டால் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க மருந்தாளுநருக்கு எழுத்துபூர்வமாக அனுமதி வேண்டும். இப்போது மனமிருந்தாலும் தணிக்கைக்குப் பயந்து கை வராது.

தங்கள் நாளிதழ் கடைக்கோடி டீக்கடைவரை போகிறது. அடுத்த முறை நீரிழிவு பற்றி எழுதும்போது, தன்னார்வலர் ஒருவரையும் கட்டடத் தொழிலாளி ஒருவரையும் கேட்டு எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்ட்ரிப், சிரிஞ்சு விஷயத்தை மக்கள் நல்வாழ்வுத் துறையின் கவனத்துக்கும் கொண்டுபோக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருவண்ணாமலை மாவட்டம்.