கோபத்தை விழுங்கச் சொல்வதல்ல விசுவாசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபத்தைக் கையாள்வது பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில் மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, மருத்துவ ஆலோசனை குறித்துக் கூறப்பட்டவை பயனுள்ளவையே. இதில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு உள்ள பங்கைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். எங்கள் சபைகளிலேயே அது சரியாகப் போதிக்கப்படுவதில்லை என்பதே காரணம்.

கோபப்படுவதே பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் அநேகர். ஆனால், சூம்பின கையுடையவனை, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று காத்திருந்தவர்களை இயேசு கோபத்துடனே பார்த்தார் என்று நற்செய்தியாளர் மாற்கு எழுதுகிறார். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்னும் எபேசியர் நிருபமும் கோபத்துக்குக் கெடு வைக்கிறதே தவிர, அது வரவே கூடாது என்று சொல்லவில்லை.

வேதாகமத்தின் 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசிக்கலாம். தாவீதின் ஆட்கள் காவல் காத்த மந்தைகளுக்குச் சொந்தக்காரனான நாபால், ஆட்டுமயிர் கத்தரிக்கும் நாளில் உணவு கேட்டு வந்தவர்களை இழிவாகப் பேசி அனுப்பியதும், தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிப் புறப்படுகிறான். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆணையும் உயிரோடு விடுவதில்லை என்பது அவன் எண்ணம். நாபாலின் மனைவி அபிகாயில், இருநூறு அப்பங்களையும் வற்றலான திராட்சக் குலைகளையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு வழியிலேயே எதிர்ப்படுகிறாள். தாவீதுக்கு நடந்த அவமானத்தை அவள் மறுக்கவில்லை. நியாயத்தைக் கர்த்தரிடம் விட்டுவிடும்படியும், நாளை அரசாளும்போது வீணாகச் சிந்திய இரத்தம் அவன் மனதை உறுத்தக் கூடாது என்றும் சொல்கிறாள். தாவீது அதைக் கேட்டுத் திரும்பிவிடுகிறான். அவன் திரும்பியிராவிட்டால் நாபாலோடு வெட்டுப்பட்டிருப்பவர்கள் ஒரு பாவமும் அறியாத வேலைக்காரர்கள். அதிகாரியிடம் காட்ட முடியாத கோபம் வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் இறங்குவதும் இதே வகைதான்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது? வேதாகமத்தின் சங்கீதங்களைப் பாடியவர்கள் அதைத் தேவனிடமே இறக்கினார்கள். எதிரியின் பற்களைத் தகர்த்துப்போடும் என்று வேண்டும் 58ஆம் சங்கீதத்தைச் சபையில் வாசிக்கவே பலர் கூசுகிறார்கள். தேவனிடம் அப்படிக் கொட்டிவிட்டால் எதிரியின் பல் தப்பித்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, ஆளிடமே நேரில் பேசுவது. காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் கைகோத்துச் சமாதானம் பகிர்வது இதற்காகத்தான். நாமோ பக்கத்து இருக்கைக்காரரிடம் புன்னகையோடு கை நீட்டிவிட்டு, வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளி மூன்று பெஞ்சு தள்ளி நிற்பதைக் காணாததுபோல் இருந்துவிடுகிறோம்.

இத்தனையும் அடி வாங்கும் மனைவியிடம் "பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு" என்று சொல்வதற்கான சாக்கு ஆகிவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் 181 என்ற உதவி எண்ணையும் அவளுக்கு எடுத்துச் சொல்வது அவிசுவாசமாகாது. அடிக்கிறவனை மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் ஆயரின் ஊழியமே. திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்புகளில் இவற்றை மணமகன்களுக்குக் கட்டாயமாகக் கற்பிக்கச் சபைத் தலைவர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.