செயலாளர் ஆண்டறிக்கை 2025: கை கால் இழந்தோருக்கான உதவி மேசை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் நம் தண்ணீர்ப் பந்தல் வழக்கம்போல நடந்தது. பிள்ளைகளுக்கான டியூஷன் வகுப்பும் தடையில்லாமல் நடக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். மற்ற நேரத்தை ஞாயிற்றுக்கிழமை உதவி மேசைக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் சங்கம் செய்த வேலைகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள். 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியக் குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் கால்விரலில் ஒரு புண், பிறகு விரலை எடுத்தார்கள், அப்புறம் முட்டிக்குக் கீழே. வீட்டுக்கு வந்ததும், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவைப் பற்றி எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “கம்பெனியில அடிபட்டாத்தானே சொக்சோ? இது வியாதிதானே, நமக்கு எதுவும் கிடைக்காது.”

இது தவறு. இதைத்தான் இந்த ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் இருக்கும் இரண்டு திட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று வேலையிடத்து விபத்துக்கு. மற்றொன்று பெஞ்சன் ஈலாட் எனப்படும் இயலாமை ஓய்வூதியம். இதற்குக் காரணம் வேலையோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டியதில்லை. நோயாக இருக்கலாம், வீட்டுக் குளியலறையில் விழுந்ததாகவும் இருக்கலாம். பாதிப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும். அந்த வேலையில் இருக்கும் நல்ல உடல்நிலை கொண்ட ஒருவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இவரால் சம்பாதிக்க முடியாத நிலை இருக்க வேண்டும். 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சந்தாத் தகுதியும் இருக்க வேண்டும்.

அந்தச் சந்தாக் கணக்கில்தான் நம் ஆட்கள் பணத்தை இழக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சொக்சோவுக்கு விண்ணப்பம் போய்ச் சேரும் மாதத்திலிருந்து பின்னோக்கி 40 மாதங்களை எண்ணுவார்கள். அதில் 24 மாதங்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி உண்டு. கால் எடுத்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை, விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் எண்ணுவார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த நாற்பதில் ஒரு வெற்று மாதமாக விழுகிறது. அதுவரை விடாமல் சந்தா கட்டியவருக்குக்கூட 16 வெற்று மாதங்கள்தான் தாங்கும். பதினேழாவது மாதத்தில் இந்த வழி அடைபடுகிறது.

பிறை வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர் அண்ணனின் கதை இதற்குச் சரியான உதாரணம். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எம்சி எனப்படும் மருத்துவ விடுப்பு முடிந்ததும் முதலாளி வீட்டுக்கே ஆள் அனுப்பி வேலை விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அண்ணன் மனம் உடைந்து யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு அவர் மனைவிதான் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாத் தாள்களையும் போட்டுக்கொண்டு நம் மேசைக்கு வந்தார். எண்ணிப் பார்த்ததில் கெடு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்த வாரமே விண்ணப்பப் பாரம் போனது. சொக்சோவின் மருத்துவ வாரியத்திடம் அவர் செய்த வேலை என்ன என்பதை விளக்கமாகச் சொல்லச் சொன்னோம்: ஆக்சிலரேட்டர், பிரேக், தார்ப்பாய் கட்ட மேலே ஏறுவது, சரக்கு இறக்குவது எல்லாவற்றையும். “கால் இல்லை” என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தக் கால் இல்லாமல் எந்த வேலை நின்றுபோனது என்று வாரியத்துக்குத் தெரிய வேண்டும். அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. முழுத் தகுதி உள்ளவருக்குச் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் வரும்.

கெடு தாண்டிவிட்டால் உடனே கைவிட வேண்டாம். குத்தகை நிறுவனத்தில் துப்புரவு வேலை பார்த்த ஓர் அக்கா மிகவும் தாமதமாக வந்தார். நாற்பது மாதக் கணக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால் முதன்முதலில் சந்தா கட்டிய காலத்திலிருந்து விண்ணப்பம் வரை உள்ள மாதங்களில் மூன்றில் ஒரு பங்குக்காவது சந்தா இருந்து, மொத்தம் 24 மாதங்களுக்குக் குறையாமல் இருந்தால் குறைந்த தகுதியில் 50 விழுக்காடு உண்டு. பழைய சம்பளச் சீட்டுகளை அவர் பத்திரமாக வைத்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

விபத்துகளுக்கு வருகிறேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படும். ஆனால் வழியை மாற்றிக்கொண்டு வேறு சொந்தக் காரியத்துக்குப் போயிருந்தால் சிக்கல். போலீஸ் ரிப்போர்ட் அவசியம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்சி காலத்தில் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அதன்பின் நிரந்தர இழப்பு எத்தனை விழுக்காடு என்று மருத்துவ வாரியம் முடிவு செய்யும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு மீதியை ஆயுள் முழுக்க மாதாமாதம் பெறலாம். வாரியத்தின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

கிராப் ஓட்டுபவர்கள், உணவு கொண்டு போகும் பிள்ளைகள், அங்காடிக் கடைக்காரர்கள் 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சட்டத்தின் கீழ் சந்தா கட்டலாம். இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பர் முதல் தனித் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). நம் வீட்டுப் பெண்களில் பலர் இன்னும் சேரவில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு வேறு, சொக்சோ வேறு. கார்டைக் கொடுப்பது சமூகநல இலாகா. அதற்கு டாக்டர் உறுதிப்படுத்திய பாரமும் படமும் வேண்டும். கார்டு கைக்கு வந்தவுடன் மாதப் பணம் தானாக வந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வராது. உதவித்தொகைக்கு அந்த இலாகாவின் ஜேகேஎம் 18 பாரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். 2021 பட்ஜெட்டில் வேலை செய்ய முடியாதவருக்கு 300 வெள்ளி என்றும், குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவருக்கு 450 வெள்ளி என்றும் தொகையை உயர்த்தினார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலிக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இனி வேலையே செய்ய முடியாது என்று உறுதியானவர் இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதியில் உள்ள சேமிப்பை முழுவதும் எடுக்கலாம், அதோடு நிபந்தனைக்கு உட்பட்டு 5,000 வெள்ளி உதவியும் உண்டு. ஆனால் மீண்டும் வேலைக்குப் போக வழியிருக்கும்போது அவசரப்பட்டு இந்தச் சேமிப்பைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. செயற்கைக் காலோடு நடக்கவும் வேலைக்குத் திரும்பவும் பயிற்சி தருகிறார்கள். “அவ்வளவு தூரம் தனியாக எப்படி அனுப்புவது?” என்று குடும்பங்கள் தயங்குகின்றன. தயக்கம் புரிகிறது, ஆனாலும் அனுப்புங்கள். நாற்பது வயது மனிதரைப் பாசத்தால் கட்டிலிலேயே உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். நம் மண்டப வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. உதவி தேடி வருபவரை வெளியிலேயே நிற்க வைக்கும் அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட இன்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மலாய் மொழியில் பாரம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் இன்னும் சிலர் மேசைக்கு வேண்டும்.

மேசை ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கும். மைகார்டு (அடையாள அட்டை), சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைக் கடிதங்கள், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வேலை விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் வாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்