வேப் கருவிகளைச் சோதிப்பவர்களுக்கு லண்டன் கடைக்காரர் ஒருவரின் திறந்த மடல்

பிரித்தானியச் சந்தைக்கு வேப் என்னும் மின்சிகரெட் கருவிகளைச் செய்து, சோதித்து, அனுப்பும் நிறுவனத்தாருக்கும், அந்தச் சோதனைகளுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

லண்டனில் சின்னதாக ஒரு மூலைக்கடை வைத்திருக்கிறேன். பால், பாண், பத்திரிகை, சிகரெட், அப்புறம் உங்கள் கருவிகள். ஒருமுறை பாவித்து வீசும் வேப்புகளை 2025 ஜூன் 1ஆம் திகதி தடைசெய்த பிறகு என்னுடையதைப் போன்ற கடைகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகளிடம் எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சென்ற வாரம் நடந்த ஒன்றைப் பார்த்தபின், இனி வாயால் சொன்னால் போதாது என்று எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு கருவியை விற்பனைக்கு விடுமுன் அதை வயதானவர்கள், கண் மங்கியவர்கள், விரல் சரியாக மடங்காதவர்கள் கையில் கொடுங்கள். பக்கத்தில் யாரும் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். பெட்டியில் இருக்கும் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் அதைப் பாவிக்க முடிகிறதா என்று பாருங்கள். பார்த்ததை மறைக்காமல் வெளியிடுங்கள்.

என் கடைக்கு வரும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் பழகிய சிகரெட்டை இந்த வயதிலும் விட முடியாமல் இருந்தவர். நுரையீரல் பழுதாகிவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு, வீசும் வேப் ஒன்றை வாங்கத் தொடங்கினார். அதில் பட்டன் இல்லை, நிரப்புவது இல்லை. வாயில் வைத்து இழுத்தால் வரும், முடிந்தால் போடவேண்டியதுதான். அது கையில் இருந்தவரை அவர் என்னிடம் சிகரெட் கேட்கவில்லை.

தடை வந்தது. தடை சரியானதே. 2023இல் இந்த நாட்டில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் வேப்புகள் குப்பையில் போயின என்று கணக்குச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பற்றரி. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக நீங்கள் அவர் கையில் கொடுத்தது என்ன?

மகள் இணையத்தில் வாங்கிக் கொடுத்த, நிரப்பிப் பாவிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வந்தார். அதில் ஊற்றும் நிக்கோட்டின் லிக்விட் போத்தலின் மூடியை அழுத்தியபடியே திருப்ப வேண்டும். மூட்டுவாதம் வந்த விரலுக்கு அழுத்துவதும் திருப்புவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நிரப்பும் துளையை அடைத்திருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் நெம்ப வேண்டும். லிக்விட் நிற்கும் குப்பியோ கறுப்புக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், விளக்குக்கு நேரே பிடித்தால்தான் மட்டம் தெரியும். லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கும் காயிலில் அச்சடித்திருந்த எழுத்தை என் கண்ணாலேயே படிக்க முடியவில்லை, கைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். புதுக் காயிலின் பஞ்சில் லிக்விட் ஊறும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தாளில் இருந்தது, எறும்பளவு எழுத்தில், பல மொழிகளுக்கு நடுவில்.

இதெல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது அந்தப் பட்டன். ஐந்து தடவை வேகமாக அழுத்தினால் கருவி விழிக்கும் அல்லது அணையும். மூன்று தடவை அழுத்தினால் சூட்டின் அளவு மாறும். அவருடைய பெருவிரல் ஐந்து தடவை அந்த வேகத்தில் போகாது. அணைக்க நினைத்து அவர் அழுத்துகிறார், மூன்றோடு கை தளர்ந்துவிடுகிறது. கருவி அதைச் சூட்டை ஏற்றச் சொன்ன கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த இழுப்பில் காயில் கருகித் தொண்டையைப் பிடிக்கிறது. அவருக்கு ஏன் என்று தெரியாது. லைட் ஏதோ நிறத்தில் மின்னுகிறது, அந்த நிறத்துக்கும் ஒவ்வொரு கம்பனியில் ஒவ்வொரு அர்த்தம்.

நான் சொல்லிக்கொடுத்தேன், மகளும் சொல்லிக்கொடுத்தார். சென்ற வாரம் அவர் கருவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, “தம்பி, எனக்கு ஏலாது. இதை நீயே வைச்சிரு. பழையபடி ஒரு பெட்டி தா” என்றார். கொடுத்தேன். கேட்கிற வளர்ந்த மனிதருக்கு இல்லையென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் இருமிக்கொண்டே கதவைத் தள்ளிப் போனார்.

சோதனை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. உலகத் தர அமைப்பு 2018இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 20768 என்ற நியமப்படி உங்கள் ஆய்வுகூடத்தில் ஓர் இயந்திரம் இழுக்கிறது: ஒவ்வொரு இழுப்பும் 3 விநாடி, 55 மில்லிலீட்டர், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. வரும் ஆவியைப் பிடித்து நிக்கோட்டின் எவ்வளவு, போர்மல்டிஹைட் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு, நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு என்று அளக்கிறீர்கள். தேவையான வேலை. கருவிகளை ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும் என்பதும் விளங்குகிறது. ஆனால் சிகரெட்டிலிருந்து வருகிறவர் அப்படி இழுப்பதில்லை. பழக்கத்தில் சட்டென்று பலமாக இழுக்கிறார், லிக்விட் வாய்க்குள் தெறிக்கிறது. ஆவி போதவில்லை என்று அடுத்தடுத்து இழுக்கிறார், பஞ்சு காய்ந்துவிடுகிறது. இயந்திரத்துக்குக் கை நடுக்கம் இல்லை. அது குப்பியைத் தானே நிரப்பவும் இல்லை, ஒரு மனிதர் நிரப்பிக் கொடுக்கிறார்.

இயந்திரத்துக்கு நாக்கும் இல்லை. 2015இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவியைச் சூடு கூடிய 5 வோல்ட்டில் ஓட்டியபோது ஆவியில் போர்மல்டிஹைட் சேர்மங்கள் மிகுதியாக இருந்ததாக எழுதினார்கள். 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை. உடனே எதிர்ப்பு வந்தது: அந்தச் சூட்டில் காய்ந்து கருகும் ஆவியை எந்த மனிதரும் இழுக்க மாட்டார், வாயில் பட்டதுமே எறிந்துவிடுவார் என்று. அந்தப் பதிலில் நியாயம் உண்டு. அதே பதிலை உங்கள் தரப்பார் இன்றும் சொல்கிறார்கள். என் கேள்வி இது. எறிந்துவிட்டு அவர் எங்கே போவார் என்று யார் அளந்தீர்கள்? கருகிய மணத்தைத் தாங்காமல் கருவியை வைத்தவர் சிகரெட்டுக்குத் திரும்பினால் அந்தத் தோல்வி எந்த ஆய்வறிக்கையில் வருகிறது?

இப்படியொரு சோதனை செய்ய முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் போத்தல் மூடிக்கே அது இருக்கிறது. குழந்தை திறக்காத மூடிகளுக்கான ஐஎஸ்ஓ 8317 நியமத்தில், நாலு வயதை ஒட்டிய சிறுவர்களிடம் கொடுத்துத் திறக்கிறார்களா என்று பார்ப்பது ஒரு பாதி. மறு பாதியில் 50 முதல் 70 வயதுவரையான 100 பேரிடம் கொடுக்கிறார்கள். அவர்களில் 90 பேராவது திறந்து மூட வேண்டும். ஒரு மூடிக்கு இவ்வளவு அக்கறை எடுத்தவர்கள், அந்த மூடிக்கு அப்பால் இருக்கும் துளை, குப்பி, காயில், பட்டன், லைட் எதற்கும் இதை ஏன் கேட்கவில்லை? அந்த மூடிச் சோதனையும்கூட 70 வயதோடு நின்றுவிடுகிறது. 70க்குப் பிறகும் ஆட்கள் புகைக்கிறார்கள், விடவும் பார்க்கிறார்கள்.

நிரப்பும் போத்தலுக்கும் அளவு உண்டு. மூக்கு குறைந்தது 9 மில்லிமீட்டர் நீளம், தலைகீழாகப் பிடித்தால் நிமிடத்துக்கு 20 துளிக்கு மேல் விழக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் எழுதியது. துளிகளை எண்ணியிருக்கிறார்கள். அந்தப் போத்தலைப் பிடிக்கும் கையை யாரும் நினைக்கவில்லை.

மருத்துவக் கருவிகளில் இது நடக்கிறது. இன்சுலின் பேனா செய்கிறவர்கள் ஐஇசி 62366 நியமத்தின்படி, உண்மையாகப் பாவிக்கப்போகிற ஆட்களை உட்காரவைத்து, எங்கே தடுமாறுகிறார்கள், எந்தத் தவறு ஆபத்தில் முடியும் என்று பார்த்துத் திருத்துகிறார்கள். வேப் மருந்தல்ல, நுகர்பொருள் என்பீர்கள். சட்டப்படி சரி. விற்பனைக்கு ஆறு மாதம் முன் மருந்து ஒழுங்குமுறை முகமைக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும், அது அங்கீகாரம் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இங்கிலாந்து அரசு 2023இல், 10 லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கொடுத்துச் சிகரெட்டை விடவைப்போம் என்று திட்டம் அறிவித்தது. மருந்தின் வேலையை எதிர்பார்த்து ஒன்றைக் கொடுக்கும்போது, அதைக் கொடுக்கப்படுகிறவர் பாவிக்க முடியுமா என்று பார்ப்பது அதிகப்படியான ஆசையா?

வேப் உதவுகிறது என்பதற்கு எல்லோரும் காட்டும் 2019ஆம் ஆண்டின் பெரிய ஆய்வை நானும் அறிவேன். 886 பேர். ஓராண்டுக்குப் பின், வேப் எடுத்தவர்களில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிக்கோட்டின் ஒட்டுத்துண்டு, நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை எடுத்தவர்களில் 9.9 விழுக்காட்டினர். நல்ல செய்தி. ஆனால் அந்த ஆட்களுக்கு முதல் நான்கு வாரமாவது வாராவாரம் நேருக்கு நேர் ஆலோசனை கிடைத்தது. என் பெரியவருக்குக் கிடைத்தது ஒரு துண்டுத்தாள். மற்றதெல்லாம் நான்தான், பால் வாங்கக் காத்து நிற்கும் ஆட்களுக்கு நடுவில்.

பெட்டிகளைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. வெளிநிறத்துக்கும் பழப் பெயருக்கும் செலவழித்த யோசனையில் ஒரு பங்கை எழுத்தின் அளவுக்குக் கொடுத்திருக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்ததும் கேட்கிற பொருளாகச் செய்ய உங்களால் முடிகிறது, 70 வயதுக்காரர் ஒருவர் பாவிக்கக்கூடிய பொருளாகச் செய்ய முடியவில்லை. அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதும் நாங்கள்தான். 18 வயதா என்று கேட்டால் வசை கேட்பதும் நாங்கள்தான். சட்டத்துக்குப் புறம்பாக ஒன்று தட்டில் இருந்தால் தண்டம் எங்களுக்கு, ஒழுகினால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் நாங்கள், பழையதை வாங்கிப் பெட்டியில் போடுவதும் நாங்கள். 600 இழுப்பு என்று எழுதியிருக்கிறதே, 400கூட வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவரிடம் நான் என்ன சொல்ல? எத்தனை விநாடி இழுப்பை வைத்து எண்ணினீர்கள் என்று நான் விற்ற எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. கருவியின் குப்பிக்குச் சட்டம் வைத்த 2 மில்லிலீட்டர் வரம்பைத் தாண்டாமல் அதிக இழுப்புக் காட்டவேண்டும் என்று 10 மில்லிலீட்டர் நிரப்புக் குப்பியைப் பக்கத்தில் செருகும் புதுக் கருவிகள் வந்தன. எந்தத் தாளை முதலில் உரிப்பது, எதை எப்போது செருகுவது என்று இளம் ஆட்களே கடையில் நின்று கேட்கிறார்கள்.

கோபத்தில் நீண்டுவிட்டது. மரியாதையாகவே கேட்க நினைத்தேன், இப்போதும் அப்படியே கேட்கிறேன். புகைக்காதவர் யாரும் இதைத் தொடவேண்டியதில்லை, சிறுவர்கள் தொடவே கூடாது. எல்லாவற்றையும் விட்டவர்தான் நல்லாயிருப்பார். ஆனால் சிகரெட்டிலிருந்து வெளியே வரத் தவிக்கும் ஒருவர் கையில் ஒரு கருவியைக் கொடுப்பதென்றால், அது அவர் கைக்கு அடங்க வேண்டும்.

ஐயா, அம்மா, வயதானவர்களை வைத்துச் சோதியுங்கள். 70க்கு மேற்பட்டவர்களையும் சேருங்கள், மூட்டுவாதம் உள்ளவர்களையும் கண் பார்வை குறைந்தவர்களையும் சேருங்கள். நிரப்பச் சொல்லுங்கள், காயிலை மாற்றச் சொல்லுங்கள், லைட் எதற்கு மின்னுகிறது என்று கேளுங்கள். எத்தனை பேரால் முடிந்தது என்பதைப் பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். மூன்று அழுத்தலில் சூடு ஏறும் பட்டனை இனிச் செய்யாதீர்கள். நிக்கோட்டின் அளவுக்கு விதி எழுதிய அதிகாரிகள் இதற்கும் ஒரு விதி எழுத வேண்டும், அது இல்லாமல் நிறுவனங்கள் தாமாகச் செய்யும் என்று நான் நம்பவில்லை.

அந்தப் பெரியவரின் கருவி இன்னும் என் கவுண்டருக்குக் கீழே இருக்கிறது. உங்களில் யாராவது வந்து அவரோடு உட்கார்ந்து, அதில் எங்கே பிழை வந்தது என்று பார்க்கத் தயாராக இருந்தால், பின்னேரம் கடையில் கூட்டம் குறைவு. அவரிடம் கேட்டுவிட்டேன், வந்து உட்காரச் சம்மதம் என்கிறார்.

இப்படிக்கு,
லண்டன் மூலைக்கடைக்காரர் ஒருவர்