இழுக்கும் என்று விற்ற டிரக் பாரம் தாங்கவில்லை: ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
விற்பனை மேலாளர் அவர்கள்,
டிரக் விற்பனை நிலையம்,
டல்லாஸ், டெக்சஸ்.

பொருள்: ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு (டிரக்கின் பின் தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் வகை) பொருந்தாத பிக்கப் டிரக்கை விற்றது, மாற்றித் தரக் கோருவது.

ஐயா,

உங்களிடம் வாங்கிய, 'முக்கால் டன்' என்ற வகையைச் சேர்ந்த டீசல் டிரக் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த வேலைக்கு வாங்கினேனோ அந்த வேலைக்கு அது ஆகாது. அது என்ன வேலை என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன்: சுமையோடு சேர்த்து 14,500 பவுண்டு வரை எடை வரக்கூடிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர், நாங்கள் நான்கு பேர், கொலராடோ மலைப்பாதை. டிரெய்லரின் விவரத்தாளையும் கூடவே அனுப்பினேன்.

உங்கள் விற்பனையாளர் ஒரே வரியில் பதில் போட்டார்: "இந்த டிரக் 18,000 பவுண்டு இழுக்கும், கவலையே வேண்டாம்."

இழுக்கும், சரி. தாங்குமா? ஃபிஃப்த் வீலின் மூக்கு டிரக் தொட்டிக்குள் வந்து, ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே உட்காருகிறது. டிரெய்லர் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, சிலவற்றில் கால் பங்குகூட, கிங்பின் எனும் இணைப்பு முளை வழியாக டிரக்கின் மேல் இறங்கும். மாட்டு வண்டியில் முன்பாரம் ஏற்றினால் மாட்டுக்கு எவ்வளவு தெம்பிருந்தாலும் கழுத்து தாங்காது. அதே கணக்குதான் இது. 14,500-இல் ஐந்தில் ஒரு பங்கு 2,900. என் டிரக் ஏற்றிக்கொள்ளக்கூடிய மொத்தப் பாரம் 2,340 பவுண்டு. ஆட்கள் ஏறுவதற்கு முன்பே கணக்கு உதைக்கிறது.

இந்த 2,340 எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், மஞ்சள் பட்டையோடு. பயணிகளும் சரக்கும் சேர்ந்து இதைத் தாண்டவே கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வண்டி எடுக்கிற அன்று நான் அதைக் காட்டிக் கேட்டபோது, உங்கள் விற்பனையாளர் "அது டயர் காற்றுக்கு சார்" என்று சொல்லிவிட்டு சீட் சூடாக்கும் பொத்தானைக் காட்டப் போய்விட்டார். டயர் காற்று விவரமும் அதில் உண்டுதான், கீழ்ப்பாதியில்.

இன்னொன்று. நான் முதலில் பார்த்தது பெட்ரோல் எஞ்சின். மலைக்கு டீசல்தான் சரி என்று மாற்றினார். இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகையை அடைத்து வேகம் குறைப்பது) நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம். வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை வரம்போ அதே 10,000 பவுண்டு. எஞ்சினில் கூடியது பாரத்தில் கழியும். கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர ஓட்டம் என்று அவர் சேர்க்கச் சேர்க்க விலை ஏறியது, தாங்கும் திறன் இறங்கியது. பின்புறம் இரட்டைச் சக்கரம் வைத்த ஒரு டன் டிரக்குகள் அதே வளாகத்தில் நின்றன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கோடை விடுமுறைக்குக் கிளம்பி, வழியில் டெக்சஸின் அமரில்லோ நகரில் லாரிகள் எடை போடும் மேடையில் ஏற்றினோம். டிரெய்லரில் முழுச் சுமைகூட இல்லை. முன் அச்சு 4,900, பின் அச்சு 6,370, டிரெய்லர் அச்சுகள் 10,500. டிரக் மட்டும் 11,270 பவுண்டு; வரம்பைவிட 1,270 கூடுதல். பின் அச்சின் வரம்பு 6,200, அதையும் தாண்டியாகிவிட்டது. அடுத்து வருவது கொலராடோ எல்லையில் உள்ள ரேட்டன் கணவாய், 7,800 அடிக்கு மேல். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் ஏறி இறங்க எனக்கு மனம் வரவில்லை. டிரெய்லரை அமரில்லோவிலேயே வாடகை இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினோம்.

தொலைபேசியில் உங்கள் ஆட்கள் சொன்ன தீர்வு, பின்னால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டுக்கொள்ளுங்கள் என்பது. ஏர் பேக் தொங்குகிற பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். அச்சின் வரம்போ, ஸ்டிக்கரில் உள்ள எண்ணோ அதனால் ஒரு பவுண்டுகூட ஏறாது. அந்தச் செலவையும் என் தலையில் கட்டப் பார்த்தது வேறு கதை.

நான் கேட்பது இதுதான். இந்த டிரக்கை வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொண்டு, இரட்டைச் சக்கர ஒரு டன் டிரக்கைக் கொடுங்கள். விலை வித்தியாசத்தை நான் கட்டுகிறேன்; தேய்மானம் என்று எதையும் கழிக்கக் கூடாது. டிரெய்லரை இணைக்கும் ஹிட்சைக் கழற்றி மாட்டும் கூலியும், அமரில்லோ வாடகையும் உங்கள் பொறுப்பு. புது டிரக்கின் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து முதலில் எனக்கு அனுப்புங்கள், அப்புறம் கையெழுத்து.

டெக்சஸின் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டப்படி வழக்குக்கு முன் 60 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும். இந்தக் கடிதத்தையே அந்த அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மாநில மோட்டார் வாகனத் துறைக்கும் ஒரு பிரதி போகிறது. மின்னஞ்சல்கள், எடைச் சீட்டு, ஸ்டிக்கர் படம், வாடகை ரசீது இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்