ஒரே கேமரா, இரண்டு நாடு: கேமரா நிறுவனங்களுக்கு கோத்தகிரியிலிருந்து ஒரு மடல்

இந்தியாவில் கேமரா விற்கும் நிறுவனங்களில் விலையையும் வாரண்டியையும் முடிவு செய்யும் பெரியவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் அப்பா காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எல்லாம் எடுப்பேன். போன வாரம் கோயம்புத்தூர் கடையில் ஒரு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, வாங்கப் போனேன். போன வருடம் தை மாதம் 1,15,000 ரூபாய் சொன்ன அதே மாடல் இப்போது 1,28,000. புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. மாடலுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "கம்பெனி சர்க்குலர் சார், டாலர் ஏறிடுச்சு, அமெரிக்காவுல வரி போட்டுட்டாங்க" என்றார். அமெரிக்காவில் போட்ட வரியைக் கோத்தகிரிக்காரன் எதற்குக் கட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

இந்த பாடியை நான் ஏன் மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாடியைப் போன வருடம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் வாங்கி வந்தான். நம் பணத்தில் 94,000 ரூபாய். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் ஒளித்து மறைத்து எடுத்து வரவில்லை, சுங்கம் கட்ட வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் பில்லைக் காட்டினான். அப்போதிருந்த விதிப்படி 50,000 ரூபாய் வரை வரி இல்லை, மீதி 44,000-க்கு 38.5 சதவீதம். 16,940 ரூபாய் கட்டி ரசீது வாங்கினான். லேப்டாப் ஒன்றை வரியில்லாமல் கொண்டுவரலாம், கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. சரி, அது உங்கள் குற்றமில்லை. எல்லாம் சேர்த்து 1,10,940. மிச்சமானது நாலாயிரம் சொச்சம்தான். ஆனாலும் மாமாவிடம் அவன் வட்டி கேட்கமாட்டான், மாதாமாதம் முடிந்ததைக் கொடுத்தால் போதும். நகையை அடகு வைக்காமல் கேமரா வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஏழாவது மாதம் கோடநாடு காட்சிமுனையில் ஒரு மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. மழையில்லை. மஞ்சு மட்டும் இறங்கியிருந்தது. தூசியும் ஈரமும் புகாது என்று உங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிற பாடி அது. அன்றைக்கு மீதிப் படங்களைச் செல்போனில் எடுத்தேன். பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பார்த்தார். அதுவே போதும்.

மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான். பாடியைத் திருப்பி சீரியல் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது இந்தியா பீஸ் இல்ல" என்றான். சிங்கப்பூர் பில்லைக் காட்டினேன். சுங்க ரசீதையும் காட்டினேன். ஏழு மாதம்தான் ஆகிறது என்றேன். "வாரண்டி சிங்கப்பூர்லதான் சார் செல்லும். இங்கன்னா 31,000 ஆகும்." ஷட்டர் பழுது என் கைத்தவறா என்று கேட்டேன். இல்லை என்றான். கேமரா உங்கள் கம்பெனியுடையதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். அப்புறம் என்னதான் சிக்கல் என்றால், அது வேறு ஊரில் பிறந்துவிட்டதாம்! சிங்கப்பூரில் விற்றாலும் கோயம்புத்தூரில் விற்றாலும் அடியில் அச்சடித்திருப்பது 'மேட் இன் தாய்லாந்து' என்றுதான்.

அன்றைக்கு 31,000 கொடுக்க எனக்கு வழியில்லை. அந்த பாடி இன்னும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் கிடக்கிறது.

விலை ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஜப்பானில் விற்பனை வரி 10 சதவீதம், சிங்கப்பூரில் 9, இங்கே ஜி.எஸ்.டி. 18. 2019-க்கு முன்னால் இங்கே 28 இருந்தது. ஆக வரியைக் கழித்துவிட்டே பார்க்கிறேன். 94,000-த்தில் 9 சதவீத வரியை எடுத்தால் ஏறக்குறைய 86,200. 1,15,000-த்தில் 18-ஐ எடுத்தால் 97,500 பக்கம். மிச்சம் 11,000-க்கு மேல் இருக்கிறதே, அது யாருடையது? சுங்கமா, சரக்குக் கூலியா, டாலர் ஏறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட பயமா? ஒரே மூச்சில் 30 நிமிடம் வீடியோ எடுக்கிற கேமராவுக்குச் சுங்க விலக்கு கிடையாது என்ற இந்திய விதியால் வந்த சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது ஊருக்கே தெரியும். ஐரோப்பாவிலும் அப்படி ஒரு வரி இருந்ததால்தானே 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிற்கும் கேமராக்களை உலகம் முழுக்க விற்றீர்கள்! முகூர்த்த நேரத்தில் கேமரா நின்றுபோய் ஐயரை நிறுத்தச் சொல்ல முடியாமல் தவித்தவன் நான். அங்கே போட்ட வரியின் வலி மட்டும் இங்கே வரும். அங்கே வாங்கிய வாரண்டி மட்டும் வராது.

விலை ஏறுவதற்கும் காரணம் சொல்வீர்கள். 2010-ல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கப்பலேறின, 2024-ல் 85 லட்சம் அளவில்தான். செல்போன் வந்து சின்ன கேமராவைத் தின்றுவிட்டது, ஆராய்ச்சிச் செலவை மிச்சமிருக்கிற எங்கள் தலையில்தான் வைக்க முடியும். இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. 2020-ல் உங்கள் ஜப்பான் காசு 100 யென்னுக்கு 70 ரூபாய் கொடுத்தோம். 2024 நடுவில் 50-க்குச் சற்று மேலே கொடுத்தால் போதும் என்று ஆனது. யென் அப்படி விழுந்தபோது எந்த சர்க்குலரும் கோயம்புத்தூருக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஏறும்போது டாலர் கணக்கு, இறங்கும்போது யென் கணக்கு கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 20 லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ள என் போன்றவனுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. பதிவு செய்த பெரிய ஸ்டூடியோ கட்டிய 18 சதவீதத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். நான் கழிக்க முடியாது. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18 ஆக்கினார்கள், கேமராவுக்குக் குறைக்கவில்லை. இந்தக் குளிரில் நாங்கள் ஏசியை வைத்து என்ன செய்வது? எங்கள் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. அப்பா 'இந்து' பிலிம் போட்டுத்தான் பாதி கோத்தகிரியைப் படமெடுத்தார். அந்தத் தொழிற்சாலையும் போய்விட்டது. இப்போது படமெடுக்க வேண்டிய ஒவ்வொரு சாமானுக்கும் கடல் தாண்டித்தான் கையேந்த வேண்டும். இதையெல்லாம் டெல்லியிடம் சொல்ல வேண்டும், உங்களிடம் கொட்டிவிட்டேன். மன்னிக்கவும்.

நான் கேட்பது ஒன்றுதான். நாட்டுக்கு நாடு விலை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வியாபாரம். ஆனால் முறையாக பில் போட்டு, சுங்கம் கட்டிக் கொண்டுவந்த பாடிக்கு, எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் வாரண்டி இங்கே செல்ல வேண்டும். அந்த வாரண்டி வேலி இல்லாவிட்டால் யாரும் இங்கே வாங்கமாட்டார்கள் என்று பயந்தால், விலையில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகத்தான் அர்த்தம். அப்படியானால் இங்கே விற்கிற விலையில் வரி எவ்வளவு, சுங்கம் எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு என்று பெட்டியின் மேல் பிரித்தாவது போடுங்கள். காய்கறிக்கடை அக்காகூட மேட்டுப்பாளையம் மண்டி விலை இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு என்று சொல்லித்தான் கேரட் கொடுக்கிறார்.

மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகை. விடியற்காலை மஞ்சுக்குள் வெள்ளைத் துணி உடுத்திய கூட்டம் நடந்துவரும். அதை எடுக்க நல்ல பாடி வேண்டும். அதற்குள் ஒரு பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும். சீரியல் நம்பர், சிங்கப்பூர் பில், சுங்க ரசீது மூன்றின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி ஸ்டூடியோக்காரன்