பட்டறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் தொழிற்பள்ளிப் பட்டறையின் திருப்பணி முடிந்தது. நுழைவு வளைவு எங்கே என்று பலரும் கேட்கிறீர்கள். வளைவுக்கான பணம் எந்திர மேடைகளாகத் தரைக்கடியில் கிடக்கிறது.

1880-களில் பாபநாசத்து நீர்விசையில் ஹார்வி நூற்பாலை ஓடத் தொடங்கிய பக்கம் இது. மில் இருக்கும் ஊரில் தேய்ந்த தண்டைக் கடைந்து கொடுக்கவும் பேரிங் மாற்றவும் ஆள் வேண்டும். 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தபின், இங்கே பிட்டர் (எந்திரம் பொருத்துபவர்), டர்னர் (கடைசல்காரர்) படித்த பையன்கள் தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி பெற வழி பிறந்தது. ஆனால் லேத் என்கிற கடைசல் எந்திரம் சரியாக நின்றால்தானே கை பழகும்?

சுவர் சுண்ணாம்புக் கட்டு. முன்பு யாரோ அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டார்கள். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி இடுப்பளவுக்கு உவர் பூத்துவிட்டது. கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்றுமணல் 3 பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசினோம். ஒரு கோட்டு அரை அங்குலத்தைத் தாண்டினால் வெடிக்கும். சுண்ணாம்பு காற்றுப்பட்டுத்தான் இறுகும், கொத்தனாரை அவசரப்படுத்தவில்லை.

கூரைக்கு மங்களூர் ஓடு, 100 சதுர அடிக்கு 150 கணக்கு. ஆடிக்காற்று முதலில் தூக்குவது இறவாணத்து ஓட்டைத்தான் என்பதால் கீழ் இரண்டு வரிசையை ரீப்பரோடு கம்பியால் கட்டியிருக்கிறோம்.

இனி லேத். கடைந்த தண்டு ஒரு முனையில் தடித்தே வந்தது. பையன்களின் கைப்பிழை என்று மார்க்கும் குறைத்தோம், அது நியாயமில்லை. வயல்காட்டுக் களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, தளத்தை அசைக்க, லேத்தின் நீண்ட அடிப்பாகமான பெட் முறுக்கிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு லேத்துக்கும் களிமண்ணைத் தோண்டி எடுத்துத் தனிக் கான்கிரீட் மேடை. தரைக்கும் அதற்கும் இடைவெளி. 28 நாள் ஆறவிட்டு, போல்ட் இறுக்கி, மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவையும் காட்டும் லெவலை (மட்டக் கருவியை)ப் பெட்டின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்துச் சரிசெய்தோம். பிறகு, சக்கில் (சுழலும் பிடிப்பானில்) மட்டும் பிடித்த கம்பியில் இரண்டு வளையம் விட்டு, மறுமுனையை டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) தாங்காமல், அந்த வளையங்களில் மெல்லிய வெட்டு. இரண்டின் விட்டமும் ஒத்துவந்தால்தான் பெட் நேர்.

அளவுகள் பட்டறை நோட்டில் உள்ளன. கார்த்திகை மழை ஓய்ந்ததும் மறுபடி லெவல் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி